ஏழாயிரம் பேர் அமர்ந்த அரங்கம் லண்டனுக்கு அடியில் எப்படிக் காணாமல் போனது?

கேள்வி இதுதான்: லண்டன் நகர ஆட்சி மன்றமான கில்ட்ஹாலின் முற்றத்துக்கு அடியில் ரோமானியரின் ஆம்பிதியேட்டர் (நீள்வட்டமான சண்டை அரங்கம்) ஒன்று இருப்பதை 1988-ல் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து சண்டை பார்த்த அவ்வளவு பெரிய கட்டடம் எப்படி மண்ணுக்குள் போகும்? பூகம்பமா, வெள்ளமா? போனது போகட்டும், ஊரில் ஒருவருக்குக்கூட நினைவில்லாமல் எப்படிப் போகும்? கண்டுபிடித்த பிறகாவது ஏன் முழுவதையும் தோண்டி வெளியே எடுக்கவில்லை?

பூகம்பமும் இல்லை, வெள்ளமும் இல்லை. அந்தக் கட்டடம் மண்ணுக்குள் போகவே இல்லை. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த அடிப்பகுதி இருந்த இடத்திலேயே இருந்தது. ஊர்தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. இதற்கு நடுவே நானூறு ஆண்டுக்கு மேல் அந்த இடத்தில் ஊர் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. நினைவு அறுந்து போனதற்கு அந்த இடைவெளிதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ரோமானிய அரங்கம் என்றதும் எல்லோருக்கும் ரோம் நகரத்துக் கொலோசியம்தான் கண்ணில் தெரியும். ஏறத்தாழ 50 மீட்டர் உயரம், அடுக்கடுக்கான வளைவுகள், பளிங்கு இருக்கைகள். லண்டன் அரங்கத்தை அப்படி நினைத்துக்கொண்டால் கேள்விக்கு விடையே கிடைக்காது. இது ஒரு மாகாண நகரத்தின் அரங்கம். ஏறத்தாழ 7,000 பேர் அமரலாம் என்று கணிக்கிறார்கள். கட்டும் முறையும் வேறு: நடுவில் மண்ணை வெட்டி நீள்வட்டமாக ஒரு பள்ளம் எடுப்பார்கள், வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கொட்டுவார்கள், கரையின் சரிவில் மரத்தால் இருக்கை வரிசைகள் அமைப்பார்கள். ஆக, கட்டடத்தில் பெரும்பங்கு மண்ணும் மரமும்தான்.

முதலில் எழுந்தது முழுக்க மர அரங்கம். கி.பி. 70-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியிருக்கிறார்கள். இந்தக் காலம் கவனிக்க வேண்டியது. கி.பி. 60 அல்லது 61-ல் ஐசீனி இனத்தவரின் அரசி பூடிக்கா படை திரட்டி வந்து லண்டினியத்தை, அதாவது ரோமானியர் கால லண்டனை, எரித்துத் தரைமட்டமாக்கினாள். இன்றும் லண்டன் நகரப் பகுதியில் ஆழமாகத் தோண்டினால் அந்தத் தீயில் வெந்த களிமண் செந்நிற அடுக்காகத் தெரிகிறது. அப்படி அழிந்த ஊர், பத்தே ஆண்டுகளில் ஒரு கேளிக்கை அரங்கம் கட்டும் அளவுக்கு நிமிர்ந்துவிட்டது. அதே காலத்தில்தான் ரோமில் வெஸ்பாசியன் பேரரசர் கொலோசியத்துக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். அது திறக்கப்பட்டது கி.பி. 80-ல். லண்டன்காரர்கள் தலைநகரத்துக்கு முன்பே விளையாட்டுப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் பெருமை பேசலாம்.

2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மர அரங்கத்தின் முக்கியப் பகுதிகளைக் கல்லிலும் செங்கல்லிலும் திருப்பிக் கட்டினார்கள். களத்தைச் சுற்றியுள்ள சுவரும் நுழைவாயில்களும் கல்லாயின. இருக்கைகள் மரமாகவே தொடர்ந்தன. இந்தக் கல் உள்ளூர்க் கல் இல்லை. லண்டன் இருப்பது களிமண்ணும் சரளையும் நிறைந்த நிலம்; கட்டடக் கல் கிடைக்காது. கென்ட் பகுதியில் கிடைக்கும் ராக்ஸ்டோன் என்ற கடினமான சுண்ணாம்புக் கல்லை வெட்டி, மெட்வே ஆற்றில் இறக்கி, தேம்ஸ் வழியாகப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்த கப்பல் ஒன்று 1962-ல் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அருகே ஆற்றுச் சேற்றில் கிடைத்தது. 2ஆம் நூற்றாண்டுக் கப்பல். உள்ளே இதே ராக்ஸ்டோன் சரக்கு அப்படியே இருந்தது. பாய்மரம் ஊன்றும் குழியில் டொமிஷியன் பேரரசரின் வெண்கலக் காசு ஒன்றை வைத்திருந்தார்கள். காசின் ஒரு பக்கத்தில் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனா கையில் சுக்கானைப் பிடித்தபடி நிற்கிறாள். அந்தப் பக்கம் மரத்தைப் பார்க்குமாறு மேல்நோக்கி வைத்திருந்தார்கள். தேவதை கப்பலைக் காப்பாற்றவில்லை. கல்லையும் கப்பலையும் நமக்காகக் காப்பாற்றிவிட்டாள்.

கல் அவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த கட்டம் எளிதாகப் புரியும். 4ஆம் நூற்றாண்டில் அரங்கம் கைவிடப்பட்டது. பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறிக்கொண்டிருந்தது; கிளாடியேட்டர் என்ற களவீரர்களை வைத்துச் சண்டை நடத்தக் காசும் குறைந்தது, ஆதரவும் குறைந்தது. கல்லே கிடைக்காத ஊரில், செதுக்கி அடுக்கிய கல் சும்மா கிடந்தால் யார் விட்டுவைப்பார்கள்? சுவர்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊர் தன் சொந்தக் கட்டடங்களையே கல்குவாரியாகப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இதற்கு லண்டனிலேயே சாட்சிகள் உண்டு. பூடிக்காவின் கலகத்துக்குப் பிறகு மாகாண நிதிப் பொறுப்பை ஏற்று வந்த கிளாசிசியானஸ் என்ற உயர் அதிகாரிக்கு அவர் மனைவி எழுப்பிய கல்லறையின் கற்களை, பிற்காலத்தில் நகர மதிலோடு சேர்த்துக் கட்டிய ஒரு கொத்தளத்துக்குள் திணித்திருந்தார்கள். 1852-ல் ஒரு துண்டு கிடைத்தது, 1935-ல் இன்னொன்று. இன்று அந்தக் கல்லறை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் கோபுரத்துக்கு அருகே ஆல் ஹாலோஸ் தேவாலயத்தில், ரோமானியருக்குப் பின் வந்து குடியேறிய சாக்சன் மக்களின் காலத்து வளைவு ஒன்று நிற்கிறது. அதில் இருப்பவை ரோமானியரின் தட்டைச் செங்கற்கள். அமைச்சருக்கு இணையான அதிகாரியின் கல்லறைக்கே அந்தக் கதி என்றால், பொது அரங்கத்தின் சுவருக்கு யார் கவலைப்படப்போகிறார்கள்?

இனி அந்த இடைவெளி. கி.பி. 410 வாக்கில் பிரிட்டனில் ரோம் ஆட்சி முடிந்தது. மதிலுக்குள் இருந்த லண்டினியம் ஏறக்குறைய வெறிச்சோடியது. பின்னால் வந்த சாக்சன் குடிகள் அந்த இடிபாடுகளுக்குள் குடியேறவில்லை. மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, இன்றைய கோவென்ட் கார்டன், ஆல்ட்விச் பகுதியில் லண்டன்விக் என்ற புதிய ஊரை அமைத்துக்கொண்டார்கள். மன்னர் ஆல்ஃபிரட் 886-ல் பழைய மதிலுக்குள் ஊரை மறுபடி நிறுவும்வரை உள்ளே பெரும்பாலும் புதரும் புல்லும்தான். அக்காலத்துப் படிவாகத் தொல்லியலாளர்கள் காண்பது கருமையான, தடித்த ஒரு மண் அடுக்கு. அரங்கம் இருந்த இடத்தில் நீள்வட்டமான ஈரப் பள்ளம் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அது எதற்காகத் தோண்டிய பள்ளம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. பாட்டனிடமிருந்து பேரனுக்குக் கதை போய்ச் சேர வேண்டுமானால் இருவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டுமே.

இத்தாலியின் லூக்கா நகரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் ஓர் அரங்கம், 2ஆம் நூற்றாண்டினது. ஆனால் லூக்காவை விட்டு மக்கள் போகவே இல்லை. அரங்கத்தின் கல் வளைவுகளுக்குள் சுவர் எழுப்பி வீடாக்கிக்கொண்டார்கள், கிடங்காக்கிக்கொண்டார்கள், சிறைச்சாலைகூட வைத்தார்கள். 1830-ல் லொரென்ஸோ நொத்தோலினி என்ற கட்டடக் கலைஞர் நடுவில் முளைத்திருந்த கட்டடங்களை அகற்றி அதைச் சந்தைத் திடலாக்கினார். இன்று அங்கே நின்றால், அரங்கத்தின் இருக்கைகள் இருந்த இடத்தில் மஞ்சள் வண்ண வீடுகள் நீள்வட்டமாகச் சூழ்ந்து நிற்கின்றன. பிரான்சின் ஆர்ல் நகரத்தில் இன்னும் வேடிக்கை: அரங்கத்துக்குள்ளேயே 200-க்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கொண்ட முழு ஊர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அதைக் காலி செய்தார்கள். ஃபிளாரன்ஸில் கட்டடம் கண்ணில் படாது. ஆனால் சான்டா குரோச்சே சதுக்கத்துக்கு மேற்கே இருக்கும் தோர்த்தா, பென்தகோர்தி தெருக்கள் காரணமில்லாமல் வளைவதுபோல் வளையும். காரணம் இருக்கிறது: பழைய அரங்கத்தின் சுவரை ஒட்டி வீடு கட்டினார்கள், தெருவும் அப்படியே வளைந்துவிட்டது.

ஆகவே அரங்கம் மறப்பதற்கு இரண்டு காரணங்கள் கூடிவர வேண்டும். மக்கள் ஊரை விட்டுப் போக வேண்டும். கட்டடத்திலும் குடியிருக்க வசதியான கல் அறைகள் இருக்கக்கூடாது. லண்டனில் இரண்டும் கூடிவந்தன. மண்கரைக்குள் யார் குடியிருக்க முடியும்?

11ஆம் நூற்றாண்டில் ஆட்கள் மறுபடி அந்தப் பள்ளத்துக்கு வந்தார்கள். அகழாய்வில் அவர்களுடைய வீடுகளின் அடிப்பகுதிகள் வரிசையாகக் கிடைத்தன: குச்சிகளைப் பின்னி மண் பூசிய சுவர்கள், மரவேலிகள், நடைபாதைகள். சிலவற்றில் மாடு கட்டியிருந்த தடயமும் உண்டு. கிளாடியேட்டர் நின்ற களத்தின் மேல் சாணமும் வைக்கோலும் சேர்ந்தன. ஒரு வீடு பழுதானால் அதை இடித்துச் சமன்படுத்தி அதன் மேலேயே அடுத்தது. பிறகு நகர ஆட்சி மன்றமான கில்ட்ஹால் அங்கே வந்தது. இப்போது நிற்கும் பெரிய மண்டபத்தைக் கட்டத் தொடங்கியது 1411-ல். 1666-ன் பெருந்தீ வந்தது. அதன் இடிபாடும் தரையோடு சேர்ந்தது. இப்படிக் குப்பை, சாம்பல், உடைந்த செங்கல், பள்ளத்தை நிரவக் கொட்டிய மண் என்று நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து, ரோமானியர் நடந்த தரைக்கும் இன்றைய முற்றத்துக்கும் இடையே ஆறு முதல் எட்டு மீட்டர் வித்தியாசம் வந்துவிட்டது. பழைய நகரம் எதுவானாலும் கீழே இறங்குவதில்லை. குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் வழக்கம் வரும்வரை எல்லா ஊரும் தன் குப்பை மேலேயே ஏறிக்கொண்டிருந்தது.

நகரத்தின் ஆட்சி மன்றத்தை ஏன் குறிப்பாக அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது சுவையான விவாதம். பள்ளத்தைச் சுற்றிக் கரை உயர்ந்து இருந்தால், ஊர்க்கூட்டம் கூட அது இயல்பாகவே வசதியான இடம். அந்த வழக்கம்தான் மன்றமாக மாறியது என்று சிலர் ஊகிக்கிறார்கள். முற்றத்தின் ஓரத்தில் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் ஜூரி தேவாலயம் சற்றுக் கோணலாக அமைந்திருப்பதும் அரங்கத்தின் வளைவை ஒட்டித்தான் என்று ஒரு கருத்து உண்டு. இரண்டையும் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அழகான ஊகங்கள் என்பதால் சுற்றுலா வழிகாட்டிகள் இவற்றை முடிந்த முடிவாகவே சொல்லிவிடுகிறார்கள்.

அறிஞர்கள் இதைத் தேடாமல் இல்லை. ரோமானிய பிரிட்டனின் மிகப் பெரிய நகரத்தில் அரங்கம் இல்லாமலா இருக்கும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பிற ஊர்களில் அரங்கம் பெரும்பாலும் ஊரின் விளிம்பிலோ மதிலுக்கு வெளியிலோ இருக்கும்; அதனால் தேடிய கண்களும் அந்தப் பக்கமே போயின. மதில் எழுந்தது 200-ஐ ஒட்டித்தான், அரங்கம் அதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. கட்டியபோது ஊருக்கு ஓரமாக இருந்த இடம் பிறகு மதிலுக்குள் அகப்பட்டுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு அந்த வட்டாரத்தையே தரைமட்டமாக்கியதும் வில்லியம் கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் கிரிப்பில்கேட் பகுதியில் ஒரு ரோமானியப் படைக் கோட்டையைக் கண்டுபிடித்தார். அதன் தென்கிழக்கு மூலையிலிருந்து அரங்கம் கூப்பிடு தூரம்தான். அப்போதும் தெரியவில்லை.

தெரியவந்தது ஓர் ஓவியக்கூடத்தால். கில்ட்ஹாலின் பழைய ஓவியக்கூடம் 1941 குண்டுவீச்சில் எரிந்துபோனது. அந்த மனையில் புதிய கூடம் கட்டும் திட்டம் பல பத்தாண்டுகள் கழித்து வந்தபோது, முன்னதாக லண்டன் அருங்காட்சியகத் தொல்லியலாளர்கள் சோதனைக் குழிகள் தோண்டினார்கள். இங்கே ஒரு சுவர், அங்கே ஒரு சுவர் என்று தனித்தனியாகத்தான் தென்பட்டன. அவற்றில் சில நேராக இல்லை. சாதாரண ரோமானியக் கட்டடத்தில் வளைந்த சுவர் அரிது. வளைவின் அளவை வைத்து அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்தால் முற்றம் முழுவதையும் வளைத்துக்கொண்டு ஒரு நீள்வட்டம் வந்து நின்றது. சின்னஞ்சிறு வில்லிலிருந்து முழு வட்டத்தைக் கணக்கிடுவது பள்ளிக்கூட வடிவியல்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு 'கில்ட்ஹால் முற்றம்' என்று விடை வந்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

முழு அகழாய்வில் வெளிப்பட்டது அரங்கத்தின் கிழக்கு வாயிலும் அதை ஒட்டிய களச் சுவரும்தான். வாயிலின் இரு பக்கமும் ஒவ்வொரு சிற்றறை. அவற்றில் ஒன்றின் வாசற்படியில், கதவை மேலே தூக்கித் திறக்கும் அமைப்புக்கான தடயம் இருந்தது. விலங்குகளைக் களத்துக்குள் விட இப்படித்தான் செய்வார்கள்: கதவைத் தூக்குபவன் மேலே பத்திரமாக நிற்கலாம். எந்த விலங்கு என்று கேட்டால், சிங்கம் என்று ஆசைப்பட வேண்டாம். பிரிட்டனிலேயே கிடைத்த கரடியும் காளையும் காட்டுப்பன்றியும்தான் பெரும்பாலும் வந்திருக்கும்.

எனக்கு அந்தச் சுவர்களைவிடப் பெரிதாகத் தோன்றுவது வடிகால். பள்ளம் எடுத்துக் களம் அமைத்தால் மழைநீர் அங்கேதான் வந்து நிற்கும். அதுவும் லண்டன் மழை. களத்தின் நடுவாகக் கருவாலி (ஓக்) மரப்பலகைகளால் ஒரு கால்வாய் அமைத்து, மூடி போட்டு, நீரைக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்த வால்புரூக் ஓடையின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மணல் போய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க நடுவழியில் ஒரு மரத்தொட்டி: நீர் அதில் விழுந்து, மணல் அடியில் தங்க, தெளிந்தது மட்டும் தாண்டிப் போகும். தொட்டியை அவ்வப்போது வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த மரம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் மக்காமல் கிடந்ததற்குக் காரணம் ஈரமேதான். நீரில் ஊறிய சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாது. மரத்தை அரிக்கும் பூஞ்சையும் நுண்ணுயிரும் அங்கே வாழ முடியாது. காய்ந்த மண்ணில் கிடந்திருந்தால் ஒரு கறையாக மட்டும் மிஞ்சியிருக்கும். மரம் கிடைத்ததால்தான் காலமும் கிடைத்தது. மரத்தின் ஆண்டு வளையங்கள், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாகவும் பொய்த்த ஆண்டில் குறுகலாகவும் இருக்கும். அந்த வரிசையை ஏற்கெனவே காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்தால் வெட்டிய காலம் வந்துவிடும்.

வடிகாலுக்குள் ஒரு ஈயத் தகடும் கிடைத்தது. யாரோ ஒருவருடைய தலைக்கவசமோ தொப்பியோ, கூடவே ஒரு கச்சையும் களவு போய்விட்டன. பறிகொடுத்தவர் தகட்டில் எழுதுகிறார்: அந்தப் பொருள்களை தியானா தேவிக்கே கொடுத்துவிட்டேன், மூன்றில் ஒரு பங்கு நீங்கலாக, இதைச் செய்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, உயிரோடு இருக்கக்கூடாது. அந்த 'மூன்றில் ஒரு பங்கு நீங்கலாக' என்பதைக் கவனியுங்கள். ஆத்திரத்தின் உச்சத்திலும் தேவியோடு பேரம் பேசி, தனக்கு ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். அரங்கம் பற்றிய புத்தகங்கள் இரத்தமும் வீரமும் என்றே நிரம்பி வழிகின்றன. ஏழாயிரம் பேர் நெருக்கியடித்து உட்காரும் இடத்தில் தொப்பி களவு போவதும் நடக்கும் என்று யாரும் எழுதுவதில்லை.

இது தனிச் சம்பவமும் இல்லை. வேல்ஸின் கேர்லியன் என்ற ஊரில், ரோமானியப் படை முகாமை ஒட்டிய அரங்கத்திலும் ஒரு சாபத் தகடு கிடைத்தது. அங்கே பழிதீர்க்கும் தேவியான நெமிசிஸிடம் முறையீடு. களவு போனவை ஒரு மேலாடையும் ஒரு ஜோடிக் காலணியும். கேர்லியன் அரங்கத்தின் கதை லண்டனுக்கு நேர் எதிர்: அதன் மேல் நகரம் எழவில்லை, புல் மூடிய பள்ளமாகக் கிடந்தது, உள்ளூர்க்காரர்கள் அதை ஆர்தர் மன்னரின் வட்ட மேசை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1926-27-ல் அதை அகழ்ந்தவர்கள் மார்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும்; களத்தில் நின்று பெரும்பகுதி வேலையை நடத்தியவர் டெஸ்ஸாதான். வீலர் என்ற பெயர் நமக்கும் பழக்கமானது. 1945-ல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்து, அங்கே கிடைத்த இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளை வைத்துத் தென்னிந்திய அகழாய்வுகளுக்கு ஒரு காலக் கணக்கை நிறுவியவர் அவரே. கேர்லியனுக்கும் அரிக்கமேட்டுக்கும் இடையே, 1944 வரை அவர் லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்தார். ரோமானிய லண்டனைப் பற்றி நூலும் எழுதினார். அவர் காலத்தில் அந்த நகரத்தின் அரங்கம் அகப்படவில்லை.

இனி இரண்டாவது கேள்வி: ஏன் முழுவதையும் தோண்டவில்லை?

மேலே இருப்பது என்னவென்று பாருங்கள். ஒரு பக்கம் 15ஆம் நூற்றாண்டு கில்ட்ஹால். இன்னொரு பக்கம் 1666 தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டி, 1940 குண்டுவீச்சில் எரிந்து, மறுபடி எழுப்பிய தேவாலயம். இவற்றைப் பெயர்த்து, கீழே எஞ்சியிருக்கும் சுவரின் அடிப்பகுதியைப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் இலாபம் இல்லை. ரோமானியர் காலம் என்பதற்காக இடைக்காலத்தைவிட அது உயர்ந்தது ஆகிவிடாது. 11ஆம் நூற்றாண்டு மாட்டுத் தொழுவத்தைத் தாண்டாமல் அரங்கத்துக்குப் போக முடியாது, தொழுவமும் வரலாறுதான்.

அகழாய்வு என்பதே ஒருமுறை மட்டும் செய்யக்கூடிய காரியம் என்பது அடுத்த காரணம். ஓர் அடுக்கைத் தோண்டி எடுத்தபின் அது திரும்ப வராது. குறிப்பும் படமும் மட்டும் மிஞ்சும். வருங்காலத்தில் இன்னும் நுட்பமான முறைகள் வரும் என்பதால், ஆபத்தில் இல்லாததைத் தோண்டாமல் விடுவதே இன்றைய நடைமுறை. இங்கிலாந்தில் இதற்கு விதியும் உண்டு. 1989-ல் தேம்ஸின் தென்கரையில் ரோஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு நாடக அரங்கின் அடித்தளம், அலுவலகக் கட்டடத்துக்கான பள்ளத்தில் கிடைத்தபோது பெரிய போராட்டமே நடந்தது, நடிகர்கள்கூடத் திரண்டார்கள். அடுத்த ஆண்டே அரசு புதிய திட்ட வழிகாட்டுதலை வெளியிட்டது: கட்டுவதற்கு முன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், முடிந்தால் அதே இடத்தில் காக்க வேண்டும், முடியாவிட்டால் அகழாய்வுச் செலவைக் கட்டுபவரே ஏற்க வேண்டும்.

கில்ட்ஹால் அரங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஓவியக்கூடத்தின் வரைபடம் மாற்றப்பட்டது. சிதைவுகள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றை அடித்தளத்தில் ஓர் அறையாக வளைத்துக்கொண்டு மேலே கூடம் எழுந்தது. ஓவியக்கூடம் திறந்தது 1999-ல். அரங்கத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டது 2002-ல். மண்ணுக்குள் பத்திரமாக ஊறிக் கிடந்த மரம் காற்றுப் பட்டதும் சுருங்கி வெடித்துவிடும். அதை வேதிப் பொருளில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துவது பொறுமையான வேலை. சுவர்களை வைத்துக்கொண்டே அவற்றைச் சுற்றி ஆழமான அடித்தளம் எடுப்பதும் எளிதல்ல.

எல்லா ஊரும் இப்படிச் செய்யவில்லை. பாரிஸில் 1860-களின் இறுதியில் மோன்ஜ் தெருவை ஒட்டி வாகனப் பணிமனை கட்டத் தோண்டியபோது அரங்கம் வந்தது. முதலில் கிடைத்த பகுதியை இழந்தார்கள். மீதியைக் காப்பாற்ற விக்டர் ஹியூகோ 1883-ல் நகர மன்றத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் செஸ்டரில் 1929-ல் ஒரு பள்ளிக் கட்டடத்தின் விரிவாக்கத்தின்போது அரங்கம் தெரிந்தது. அதன் நடுவாகவே சாலை போடத் திட்டம் இருந்தது. உள்ளூர்த் தொல்லியல் சங்கம் நிதி திரட்டிப் போராடியதால் சாலை வளைந்து போனது. பாதி அரங்கம் இன்று திறந்த வெளியில், மறுபாதி இன்னும் கட்டடங்களுக்கு அடியில். அல்பேனியாவின் டுரேஸில் 1966-ல் வெளிப்பட்ட பெரிய அரங்கத்தின் ஒரு பகுதி இன்றும் வீடுகளுக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்காரர்களை எங்கே அனுப்புவது என்பதுதான் அங்கே தொல்லியலை விடப் பெரிய சிக்கல். பல்கேரியத் தலைநகர் சோபியாவில் 2004-ல் ஓட்டல் கட்டத் தோண்டிய பள்ளத்தில் அரங்கம் வந்தது. ஓட்டலும் நின்றது, அரங்கமும் நின்றது. வரவேற்பறையை ஒட்டியே சிதைவுகளைப் பார்க்கலாம். இவற்றில் எது சரி என்றால், லண்டன் செய்ததையே நான் சொல்வேன். ஆனால் நகர மாநகராட்சியே நிலத்துக்கும் சொந்தக்காரராக இருந்தது லண்டனுக்குக் கிடைத்த வாய்ப்பு. டுரேஸில் வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவரிடம் அதே நியாயத்தைப் பேச முடியாது.

லண்டன் போனால் பார்க்க ஒரு யோசனை. முதலில் கில்ட்ஹால் முற்றத்தில் தரையைப் பாருங்கள். ஏறத்தாழ 80 மீட்டர் அகலத்துக்குக் கருங்கற்களைப் பதித்து ஒரு வளைகோடு போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் அரங்கத்தின் எல்லை அதுதான். பெரும்பாலானோர் அதை அலங்காரம் என்று நினைத்து மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுப் பிறகு ஓவியக்கூடத்தின் அடித்தளத்துக்கு இறங்குங்கள். இருட்டறையில் இருக்கை வரிசைகளையும் வீரர்களையும் ஒளிக்கோடுகளால் காட்டியிருப்பார்கள். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். நீங்கள் கீழே, கண்ணாடித் தளத்துக்கு அடியில் இருக்கும் மரக் கால்வாயைப் பாருங்கள். அனுமதி இலவசம்; ஆனால் கில்ட்ஹாலில் அரசு விழா நடக்கும் நாள்களில் மூடிவிடுவதுண்டு, ஆகவே முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நல்லது.